தலைவரின் பித்தப்பை

ஒரு தலைவன் தன் உடலைக் கத்தியின் முன்னால் கிடத்தும் நாளில்தான் ஒரு சமூகம் தன்னைத் தானே அறிந்துகொள்கிறது.

இதைச் சொன்னவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். சொன்ன இடம் மோட்டார் அறை வாசல். கேட்டவர்கள் ஐந்து பேர். அவர்களில் இருவர் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று சொல்ல வந்தவர்கள். ஒருவர் வாட்ச்மேன், நாற்காலி அங்கேதான் கிடந்தது என்பதால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. கத்தியின் முன்னால் கிடத்தப்பட இருந்தது தலைவரின் பித்தப்பை. அதற்குள் மிளகு அளவில் சில கற்கள் இருந்தன.

குடியிருப்பில் அவருக்கு ‘நிரந்தரம்’ என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆண்டுதோறும் தேர்தல் அறிவிப்பார். வேறு யாரும் நிற்க மாட்டார்கள். ‘ஒருமனதாக’ என்று அவரே அறிவித்து, அவரே முதலில் கை தட்டுவார். மூன்று நான்கு பேர் மரியாதைக்குத் தட்டுவார்கள். மற்றவர்கள் டீ எப்போது வரும் என்று பார்ப்பார்கள். லிப்ட் நின்றுபோய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ‘பழுது நீக்கும் பணி விரைவில்’ என்ற அட்டையை மட்டும் தலைவர் கிழியக் கிழியப் புதுப்பித்து வந்தார். கடைசியாகத் தொங்கவிட்டது கிழியாத பிளாஸ்டிக் உறை போட்டது. அதைப் பார்த்த அன்றுதான் மூன்றாம் மாடி டியூஷன் டீச்சர், தானும் தேர்தலில் நிற்பதாகச் சொன்னார்.

“எனக்குப் பதவி எல்லாம் வேண்டாம் சார்” என்றார் டீச்சர். “மூணு மாடி ஏறி வர்ற பிள்ளைங்க மூச்சு வாங்கி முடிக்கவே கால் மணி நேரம் ஆகுது. அப்புறம் நான் எங்க பாடம் நடத்துறது? லிப்ட் ஓடட்டும், அடுத்த நாளே ராஜினாமா பண்ணிடுறேன்.”

பதவி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒருவர் தேர்தலில் நிற்பதைத் தலைவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அன்று இரவு அவருக்கு வயிறு வலித்தது. மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். கற்கள் தெரிந்தன. ஒரு மனிதருக்கு வியாதி வந்து முகம் மலர்ந்ததை அந்த ஸ்கேன் அறைப் பெண் முதல் முறையாகப் பார்த்தாள்.

ஆனால் டாக்டரம்மா அந்த மலர்ச்சியைச் சீக்கிரமே வாடவைத்துவிட்டார். சின்ன வயசு, வேகமான பேச்சு.

“பயப்படாதீங்க சார். சின்ன ஆபரேஷன்தான்.”

“சின்னதுன்னா?”

“வயித்துல நாலு சின்ன துளை. கேமரா விட்டுப் பார்த்துப் பையை எடுத்துடுவோம். மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்.”

“மறுநாளேவா?”

“ஆமா சார்.”

“தையல்?”

“இருக்கும். கொஞ்ச நாள்ல எங்க போட்டோம்னே தெரியாது.”

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “டாக்டரம்மா, முன்ன எல்லாம் இதுக்கு இவ்வளவு நீளம் கிழிப்பாங்களாமே?” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவர் காட்டிய நீளத்துக்கு ஒரு யானையின் பித்தப்பையை எடுத்துவிடலாம்.

“இப்ப எதுக்கு சார் அதெல்லாம்?”

“இல்லம்மா. நமக்குன்னு ஒரு பொறுப்பு இருக்கு. நாலு பேர் பார்க்க வருவாங்க. சட்டையைத் தூக்கினா ஏதாவது ஒண்ணு கண்ணுல பட வேண்டாமா? கொஞ்சம் பெரிசாவே கிழிச்சுடுங்களேன். நான் தாங்கிக்குவேன்.”

டாக்டரம்மா பக்கத்தில் இருந்த தலைவரின் மனைவியைப் பார்த்தார். இந்த மாதிரிப் பார்வைகளை வாங்கி வாங்கி அந்த அம்மாளுக்குப் பழக்கம்.

“அவர் அப்படித்தாம்மா. நீங்க தேதியைச் சொல்லுங்க.”

வியாழக்கிழமை என்று முடிவானது.

வெளியே வந்ததும் தலைவர் செய்த முதல் காரியம், ஞாயிற்றுக்கிழமை நடப்பதாக இருந்த தேர்தலை வியாழக்கிழமைக்கு மாற்றியது. தேதியை வைப்பது தலைவரின் உரிமை. ஆபீஸ் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். விடிந்ததும் வாக்குப்பதிவு தொடங்கும், போட்டுவிட்டுப் போகலாம் என்று பெருந்தன்மையோடு சலுகை கொடுத்தார்.

“என்னங்க, அன்னிக்கு நீங்க ஊசியும் குழாயுமா படுத்திருப்பீங்களே” என்றார் மனைவி.

“அதுதானே விஷயமே! ஆபரேஷன் டேபிள்ல கிடக்குற மனுஷனுக்கு எதிரா ஓட்டுப் போட யாருக்கு மனசு வரும், சொல்லு?”

“நாலு மாடி ஏறி இறங்குறவங்களுக்கு வரும்” என்றார் நான்காம் மாடியில் குடியிருக்கும் மனைவி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

தலைவர் அதைப் பொதுவான கருத்தாக எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. ‘நம் தலைவர் வரும் வியாழன் அன்று ஒரு பெரும் அறுவை சிகிச்சையை எதிர்கொள்கிறார். அன்று முழுவதும் உண்ணாவிரதம் இருப்பார். வேறு உணர்ச்சிகளுக்கு இடம் கொடாமல் அனைவரும் அமைதியாக வாக்களிக்கவும்.’ உண்ணாவிரதம் என்பதைப் படித்த முதல் மாடிப் பெரியவர், லிப்டைச் சரிசெய்யச் சொல்லித்தான் தலைவர் பட்டினி கிடக்கிறார் என்று நினைத்து மனம் நெகிழ்ந்து போனார். யாரை எதிர்த்து உண்ணாவிரதம் என்று விசாரித்த பிறகு நெகிழ்ச்சி இறங்கிவிட்டது.

பிறகு தலைவர் வீடு வீடாக விடைபெறக் கிளம்பினார். கூடவே செயலாளர். இரண்டாம் மாடிக்காரரான செயலாளருக்கு ‘ஆமா தலைவரே’ என்பதைத் தவிர வேறு வாக்கியம் தெரியுமா என்பது குடியிருப்பில் நெடுநாளாக இருந்துவந்த சந்தேகம்.

விடைபெறும் முறையை வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தார் தலைவர். கதவு திறந்ததும் ஒரு கையால் வயிற்றைப் பிடிக்க வேண்டும். மெல்லச் சிரிக்க வேண்டும். “திரும்பி வந்தா பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு, எதிராளி பதறுவதற்குக் கொஞ்சம் நேரம் விட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பதறினார்கள். ஒரு வீட்டில் மட்டும் “தண்ணி வர்றதுக்கு ஏதாவது பண்ணிட்டுப் போங்க” என்றார்கள்.

மூன்றாம் மாடியில் டீச்சரே கதவைத் திறந்தார். உள்ளே பிள்ளைகள் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தன. தலைவர் வயிற்றைப் பிடித்தார்; சிரித்தார்.

“திரும்பி வந்தா பார்க்கலாம் டீச்சர்.”

“உட்காருங்க சார். ரொம்ப வலிக்குதா?”

“சொல்ல முடியாத வலி.”

டீச்சர் அவருடைய கையைப் பார்த்தார். “சார், பித்தப்பை வலது பக்கம்தானே இருக்கும்? நீங்க இடது பக்கத்தைப் பிடிச்சிருக்கீங்களே?”

உள்ளே ஒப்பித்தல் நின்றுவிட்டது. பிள்ளைகள் எட்டிப் பார்த்தன.

“வலி பரவுது டீச்சர்” என்றார் தலைவர், கையை மெல்ல வலது பக்கத்துக்கு நகர்த்தியபடி. “பொது வாழ்க்கையில இருக்கறவனுக்கு ஒரே இடத்துலயா வலிக்கும்?”

“ஆமா தலைவரே” என்றார் செயலாளர்.

டீச்சருக்கு உண்மையிலேயே மனம் கலங்கிவிட்டது. மனிதர் வலியில் பக்கம்கூடத் தெரியாமல் தவிக்கிறாரே என்று நினைத்து, பிளாஸ்க்கில் இருந்த வெந்நீரைக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்ததாக மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. அமைதியான மனிதர். எல்லாருடைய பதிலையும் முன்பே கேட்டுவிட்டவர் போல மேஜையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். தலைவருடன் மனைவியும், ஊரிலிருந்து வந்திருந்த மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“குறட்டை உண்டா?”

“கிடையாது” என்றார் தலைவர்.

“பக்கத்து வீட்டுக்காரங்க சுவரைத் தட்டுவாங்க டாக்டர்” என்றாள் மகள்.

“ஆடுற பல், கட்டின பல் ஏதாவது?”

“எல்லாம் சொந்தம்.”

“மேல முன்பல் ரெண்டும் கட்டினது” என்றார் மனைவி. “போன வருஷம் நன்றியுரை சொல்லும்போது மைக்குல மோதிக்கிட்டார்.”

“படி ஏறினா மூச்சு வாங்குமா?”

தலைவர் யோசித்தார். வாங்காது என்றால் வியாதியின் கனம் குறைந்துவிடும். வாங்கும் என்றால் லிப்ட் பேச்சு வரும். அவர் யோசித்து முடிப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டார்.

“எங்க கட்டடத்துல எல்லாருக்குமே வாங்குது டாக்டர். லிப்ட் ஓடலை.”

“யாராவது சங்கத் தலைவர்கிட்ட சொல்லக் கூடாதா?” என்றார் டாக்டர், முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அப்பாவின் ஆபரேஷனை நினைத்துப் பெண் அழுகிறாள் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார்.

புதன்கிழமை சாயங்காலம் பொறுப்புகளை ஒப்படைக்கும் கூட்டம் நடந்தது. தலைவர் அரை மணி நேரம் பேசினார். கடைசியில் எதையும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

“மோட்டார் ரூம் சாவி யார்கிட்ட இருக்கும் தலைவரே?” என்று கேட்டார் வாட்ச்மேன். தினமும் காலையில் நாலாவது மாடிக்கு ஏறி அந்தச் சாவியை வாங்கி, மோட்டார் போட்டுவிட்டு, மறுபடி ஏறித் திருப்பிக் கொடுப்பவர் அவர். சாவி தலைவர் வீட்டு ஆணியில்தான் தொங்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. விதியை எழுதியவர் யார் என்று கேட்கத் தேவையில்லை.

“சாவி என்கிட்டயே இருக்கும்.”

“ஆஸ்பத்திரிக்கா?”

“நான் எங்க போனாலும் பொறுப்பு கூடவே வரும். டேங்க் நிறைய தண்ணி இருக்கு, மத்தியானம் வரைக்கும் தாராளமா வரும். அதுக்கப்புறம் கொஞ்சம் நின்னா நிக்கட்டும். ஒருத்தன் இருக்கும்போது அவனோட அருமை தெரியாது. ஒரு வேளை குழாய் காத்து விடும்போது தெரியும்.”

“ஆமா தலைவரே” என்றார் செயலாளர். ஆனால் இந்த முறை கொஞ்சம் தாமதமாகச் சொன்னார்.

கணக்கில் ஒன்றே ஒன்று தப்பிவிட்டது. விடிந்ததும் வாக்களிக்கலாம் என்று அவர் கொடுத்த சலுகையால், மற்ற இருபத்துமூன்று வீட்டுக்காரர்களும் வியாழக்கிழமை வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து ஒரே நேரத்தில் குளிக்கப் போனார்கள். தலைவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் நீட்டுவதற்கு முன்பே டேங்க் காலி. பலர் தலையில் சோப்பு நுரையோடு நின்றார்கள்.

இதெல்லாம் தலைவருக்குத் தெரியாது. அவருக்கு அப்போது பசி. முந்திய இரவே எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. பக்கத்துக் கட்டில்காரர் ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிடுவதை அவர் ஒரு துறவியின் பார்வையோடு, ஆனால் கண் எடுக்காமல், பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்டு ஊழியர் ரேசரும் கிண்ணமுமாக வந்தார்.

“சட்டையைத் தூக்குங்க.”

“தம்பி, நான் ஒரு சங்கத்தோட தலைவர்.”

“சரிங்க தலைவரே, சட்டையைத் தூக்குங்க. வயித்துல முடி எடுக்கணும்.”

“எவ்வளவு எடுப்பீங்க?”

“முழுசா.”

ஒரு பொதுவாழ்வின் அடையாளமாகத் திரண்டிருந்த அந்த வயிறு, கொஞ்ச நேரத்தில் கடையில் அடுக்கிய பூசணிக்காய் போலப் பளபளத்தது. மகள் போனில் படம் எடுக்கப் போனாள். அம்மா முறைத்ததும் எடுத்துவிட்டு உள்ளே வைத்தாள்.

அடுத்து ஆஸ்பத்திரி அங்கி வந்தது. முன்பக்கம் மூடி, பின்பக்கம் கயிறு போட்டுக் கட்டுகிற வகை. அதைத் தைத்தவர் தலைவரின் சுற்றளவை எதிர்பார்க்கவில்லை. நர்ஸ் மேல் கயிற்றைக் கட்டினாள். கீழ்க்கயிறு எட்டவில்லை.

“மோதிரம், வாட்ச், கட்டின பல் எல்லாம் கழட்டியாச்சா? கையில என்ன சார் மூடி வச்சிருக்கீங்க?”

தலைவர் விரல்களை இன்னும் இறுக்கினார்.

“சாவி.”

“எந்தச் சாவி?”

“அது பெரிய விஷயம்மா. உனக்குச் சொன்னா புரியாது.”

“எவ்வளவு பெரிய விஷயமா இருந்தாலும் தியேட்டருக்குள்ள இரும்பு வரக் கூடாது. குடுங்க.”

மனைவி கை நீட்டினார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சாவியை அவர் தொட்டதில்லை. தலைவர் அதை அவர் உள்ளங்கையில் வைத்தார். முன்பல் இரண்டும் இல்லாததால் சொற்கள் கொஞ்சம் ஊதிக்கொண்டு வந்தன.

“யார்கிட்டயும் குடுத்துடாத. நான் உள்ள போனதும் நீ நேரா வீட்டுக்குப் போ. நம்ம ஓட்டு வீணாப் போயிடக் கூடாது. வீட்டுக்கு ஒரு ஓட்டு. நான் இல்லாததால நீ போடலாம், விதி இருக்கு. நானே எழுதினதுதான்.”

“சரிங்க.”

“யாருக்குப் போடணும்னு தெரியும்ல?”

“தெரியும்ங்க” என்றார் மனைவி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

தள்ளுவண்டி கொண்டு வந்தார்கள். தலைவர் மறுத்தார். தலைவன் என்பவன் நடந்தே போக வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் கட்டில்கள் வரிசையாகக் கிடந்த அந்த வார்டின் நடுவே, தலை நிமிர்த்தி, வலது இடது எனத் தலையசைத்தபடி நடந்தார். எதிரே வந்தவர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். கடந்து போன பிறகு திரும்பிப் பார்த்தவர்கள்தான் சிரித்தார்கள். கீழ்க்கயிறு கட்டப்படவில்லை என்பதை மகள் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் தியேட்டர் கதவு வந்துவிட்டது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. நாலு துளை. டாக்டரம்மா சொன்னபடி ஒரு துளைகூட அதிகம் இல்லை.

சாயங்காலம் தலைவர் நன்றாகக் கண் விழித்தபோது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். தலைவர் முதலில் போர்வைக்குள் கைவிட்டு வயிற்றைத் தடவினார். சின்னச் சின்ன பிளாஸ்திரிகள் தட்டுப்பட்டன. பெருமூச்சு விட்டார்.

“தேர்தல் என்னாச்சு?”

“முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. நர்ஸ் குடுக்கலாம்னு சொன்னாங்க.”

“என்னாச்சுன்னு கேட்டேன்.”

செயலாளர் வாசலில் நின்றிருந்தார். கையில் ஆரஞ்சுப் பை. அவர் தொண்டையைச் செருமினார்.

“டீச்சர் ஜெயிச்சுட்டாங்க தலைவரே. காலையிலயே தண்ணி நின்னு போச்சா... நுரையோட வந்து ஓட்டுப் போட்டாங்க. அப்புறம் அம்மா வந்து மோட்டார் ரூமைத் திறந்துவிட்டாங்க. அம்மாவை எல்லாரும் கை தட்டி வரவேற்றாங்க.”

“எனக்கு?”

“உங்களுக்கு யாரு கை தட்டுவாங்க?”

“ஓட்டுய்யா! எனக்கு எத்தனை?”

செயலாளர் ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைப்பதற்காகக் குனிந்தார். குனிந்தபடியே சொன்னார்.

“ஒண்ணு.”

“ஒண்ணா? அப்ப நீ?”

“ஆமா தலைவரே” என்றார் செயலாளர். பழக்கம்.

அவர் போன பிறகு தலைவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இருபத்துமூன்று வீடுகள். எத்தனை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்திருப்பார்! பிறகு அவர் கண்கள் மெல்லக் கலங்கின. மயக்க மருந்தின் மிச்சமாகவும் இருக்கலாம். மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“ஊரே கை விட்டாலும் நீ விடல பாத்தியா. அந்த ஒரு ஓட்டு போதும் எனக்கு. பதவி என்ன பதவி!”

மனைவி இன்னொரு கையால் போர்வையைச் சரிசெய்தார். பிடித்த கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்தாள்.

“சார், காத்து பிரிஞ்சுச்சா?”

“என்னம்மா கேள்வி இது? மனுஷன் என்ன நிலைமையில...”

“பிரிஞ்சாதான் கஞ்சி குடுக்க முடியும்.”

“இன்னும் இல்ல” என்றார் மனைவி, கணவருக்குப் பதிலாக. நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போனாள்.

தலைவர் மறுபடியும் மனைவியின் கையைத் தட்டிக்கொடுத்தார். “உன்னை மாதிரி ஒருத்தி வேணும்.”

“தூங்குங்க” என்றார் மனைவி.

காலையில் அந்த அம்மாள் ஓட்டுச் சீட்டை மடிக்கும்போது டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். “வலி எந்தப் பக்கம்னுகூடத் தெரியாம தவிக்கிறார், பாவம்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். தலைவருக்கு விழுந்த ஒரு ஓட்டு டீச்சர் போட்டது.